பழைய மாருதி 800-இல் புது மீட்டர் மாட்டுவது: ஓட்டை போடுவதற்கு முன்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். அப்பா வாங்கிய 1995 மாருதி 800, கார்பரேட்டர் வண்டி. போன கோடையில் ஹைவேயில் ஹீட் ஆகி ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது. அந்த நேரத்திலும் மீட்டர் போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றது. அந்தக் கோபத்தில் ஆன்லைனில் 52 மி.மீ. மீட்டர் மூன்று உள்ள செட் வாங்கிவிட்டீர்கள்: டெம்பரேச்சர், ஆயில் பிரஷர், வோல்ட். டேஷ்போர்டில் எங்கே ஓட்டை போடுவது, கரன்ட் எந்த வயரிலிருந்து எடுப்பது, மெக்கானிக் சொல்கிறபடி பழைய சென்சார் வயரிலேயே புது மீட்டரையும் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஆர்.பி.எம். மீட்டர் பற்றியும் ஒரு வரி. இதற்கெல்லாம் அடியில் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: அடுத்த தடவை வண்டி ஹீட் ஆனால், ஹெட் போவதற்கு முன்னால் எனக்குத் தெரியுமா? ஓட்டை போடுவதும் வயர் இழுப்பதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. முன்கூட்டியே தெரியுமா என்பது சென்சார் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதன் எர்த், அதாவது கரன்ட் திரும்பிப் போகும் வழி, எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் நீங்கள் கேட்ட வரிசையைத் தலைகீழாக்கி, டேஷ்போர்டைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ. முடித்து, கோயம்புத்தூரில் பல வருஷமாக மீட்டர் போர்டும் வயரிங்கும்தான் பிழைப்பு. 796 சிசி மூன்று சிலிண்டர் மாருதி என் கையில் நிறைய வந்து போயிருக்கிறது. ஆனாலும் உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. முப்பது வருஷ வண்டியில் எத்தனை பேர் கை வைத்திருப்பார்கள், எந்த வயரை எங்கே ஒட்டியிருப்பார்கள் என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியதையும் என் ஊகத்தையும் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் அந்த முள் ஏன் நடுவில் நின்றது? உறுதியாகத் தெரிந்த ஒன்று: தண்ணீரில் முங்கியிருந்தால்தான் டெம்பரேச்சர் சென்சார் சரியாகக் காட்டும். ஹோஸ் பிளந்தோ கேஸ்கெட் கசிந்தோ தண்ணீர் வெளியேறிவிட்டால் சென்சார் முனை காற்றில் நிற்கும். இரும்பும் அலுமினியமும் கொதித்துக்கொண்டிருக்க, முள் ஏறாமல் இருக்கும், சில சமயம் இறங்கக்கூட செய்யும். ஹெட் போன வண்டிகளில் ‘முள் ஏறவே இல்லையே’ என்று ஓனர்கள் சொல்வதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். இன்னொரு காரணமும் உண்டு. பழைய மீட்டர் பல, உள்ளே ஒரு சின்னக் கம்பிச் சுருள் சூடாகி இரட்டை உலோகத் தகட்டை வளைப்பதால் நகர்பவை. அவை மெதுவாகத்தான் அசையும். அதற்கு மேல், முள் கொஞ்சம் ஆடினாலே பதறுகிறவர்கள் உண்டு என்பதால், நடுப்பகுதியில் பத்து இருபது டிகிரிக்கு அசையாதபடி சில கம்பெனிகள் வேண்டுமென்றே செய்துவிடுகின்றன. உங்கள் விஷயத்தில் எது நடந்தது? ஹெட் கேஸ்கெட் போனது, வழியில் தண்ணீர் ஊற்றியபோது ரேடியேட்டர் கிட்டத்தட்ட காலி என்று எழுதியிருப்பதால் முதல் காரணம்தான் என்பது என் ஊகம். அது சரியென்றால், நீங்கள் வாங்கிய புது மீட்டரும் அதே இடத்தில் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கும். விலை கூடின மீட்டராக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

மெக்கானிக் சொன்ன குறுக்கு வழிக்கு வருகிறேன். பழைய சென்சாரில் ஒரே வயர்தான் இருக்கும். அதிலிருந்து இன்னொரு வயரைப் பிரித்துப் புது மீட்டருக்குக் கொடுக்கலாம் என்கிறார். வேண்டாம். இதில் சந்தேகமே இல்லை. சென்சார் என்பது சூட்டுக்கு ஏற்ப மாறுகிற ஒரு ரெசிஸ்டன்ஸ். சூடு ஏற ஏற அதன் ஓம் குறையும், அதனால் மீட்டருக்குள் ஓடும் கரன்ட் கூடும், முள் ஏறும். எந்த ஓமுக்கு எந்த டிகிரி என்பது ஒவ்வொரு கம்பெனியும் தன் மீட்டருக்கும் தன் சென்சாருக்கும் சேர்த்து வைத்துக்கொண்ட கணக்கு. ஆயில் பிரஷரில் இது வெட்டவெளிச்சமாகத் தெரியும்: ஜெர்மன் கம்பெனியான வி.டி.ஓ. வகை சென்சாரில் பிரஷர் பூஜ்யமாக இருக்கும்போது 10 ஓம், முழு அளவில் 180 ஓம். அமெரிக்க வகையில் பூஜ்யத்தில் 240, முழு அளவில் 33. ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது. ஒரு கம்பெனி சென்சாரை இன்னொரு கம்பெனி மீட்டரில் கொடுத்தால் எண் தப்பாவது மட்டுமில்லை, திசையே தப்பாகலாம். இரண்டு மீட்டரை ஒரே சென்சாரில் கோர்த்தால், இரண்டின் கரன்டும் அந்த ஒரே ரெசிஸ்டன்ஸ் வழியாக ஓடி, நன்றாக இருந்த பழைய மீட்டரும் கெடும். உங்கள் செட்டோடு வந்த சென்சார்களை அந்த மீட்டர்களுக்கு மட்டும் வையுங்கள். பழைய சென்சாரும் பழைய முள்ளும் தனியாக, தொடாமல், அப்படியே இருக்கட்டும். பழையதும் புதியதும் இரண்டுமே வண்டியில் இருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

புது டெம்பரேச்சர் சென்சாருக்கு இடம் எங்கே? எஞ்சினில் புதிதாகத் துளை போட்டுத் திருகு வெட்டுவதை நான் செய்ய மாட்டேன். அலுமினியத் தூள் தண்ணீர் பாதைக்குள் விழும், சுவரின் கனமும் வெளியிலிருந்து தெரியாது. எளிய வழி, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை நடுவில் வெட்டி, சென்சார் திருக இடம் உள்ள ஓர் அலுமினிய அடாப்டரைச் செருகி, இரண்டு பக்கமும் ஹோஸ் கிளிப் போடுவது. பிடிக்காவிட்டால் ஒரு புது ஹோஸ் போட்டால் வண்டி பழையபடி ஆகிவிடும். அடாப்டர் பல அளவில் வருகிறது. கண் அளவில் வாங்காமல், ஹோஸைக் கழற்றி உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து வாங்குங்கள். இரண்டு மி.மீ. பெரிதாக இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றிவிடலாம், ஆனால் முப்பது வருஷ ஹோஸ் அதில் கிழியும். ஹோஸையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. அடாப்டரை எஞ்சின் பக்கமாக, கிட்டத்தில் வையுங்கள். சென்சார் மேலே பார்த்து நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நிற்கட்டும். மேலே பார்த்தால் அந்த மூலையில்தான் காற்றுக் குமிழ் வந்து தங்கும். வேலை முடிந்ததும் குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து தண்ணீர் நிரப்பி, ஐடிலில் ஓடவிட்டு, குமிழ் வருவது நிற்கும்வரை நிரப்பிக்கொண்டே இருங்கள்.

இந்த இடத்துக்கு ஒரு குறை உண்டு. மேல் ஹோஸ் கிளம்பும் இடத்தில்தான் உங்கள் எஞ்சினின் தெர்மோஸ்டாட் என்ற வால்வு இருக்கிறது. அது திறக்கும்வரை ஹோஸுக்குச் சூடான தண்ணீர் வராது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பழைய முள் ஏறிக்கொண்டிருக்க, புது மீட்டர் 40-ஐத் தாண்டாமல் இருக்கும். பிறகு தெர்மோஸ்டாட் திறந்ததும் சரசரவென்று 80-க்கு ஓடும். மீட்டர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். எந்த டிகிரியில் திறக்கும் என்பது தெர்மோஸ்டாட்டின் மேலேயே பொறித்திருக்கும், பெரும்பாலும் 82 அல்லது 88. ஆபத்து எங்கே என்றால், தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும்போதும் ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். புது மீட்டர் 50 என்று காட்டும். பழைய முள் மட்டும் அப்போது மேலே போயிருக்கும். அதற்காகத்தான் பழையதைத் தொட வேண்டாம் என்றேன். இரண்டும் சேர்ந்து ஏறினால் ரேடியேட்டரோ ஃபேனோ சரியில்லை. பழையது ஏறி புதியது ஏறாவிட்டால் தெர்மோஸ்டாட்டையோ, சுற்றாத தண்ணீரையோ சந்தேகப்படலாம். இரண்டும் திடீரென்று ஒன்றாக விழுந்தால் தண்ணீர் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு ஓரமாக நிறுத்துங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்’ என்று சொல்லும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் உண்டு. உங்கள் வண்டியிலும் அப்படி ஆகியிருக்க நிறைய வாய்ப்பு. மேல் ஹோஸைக் கையால் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஸ்டார்ட் செய்த உடனேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகிக்கொண்டே வந்தால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி நின்றுவிட்டது. அப்படியென்றால் மீட்டர் மாட்டுவதற்கு முன்னால் புதிது போடுங்கள். அது இல்லாத எஞ்சினுக்கு ‘வழக்கமான டிகிரி’ என்று ஒன்று கிடையாது. ஹைவேயில் 60, டிராஃபிக்கில் 95 என்று அலையும். எந்த எண்ணைப் பார்த்து எச்சரிக்கை ஆவீர்கள்?

இப்போது எர்த். மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று என்னிடம் வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் எர்த் கோளாறுதான். ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் உடம்புதான் இன்னொரு வயர். எஞ்சின் உலோகம் வழியாகத்தான் கரன்ட் திரும்ப வேண்டும். நீங்கள் அதை அலுமினிய அடாப்டரில் திருகுகிறீர்கள், அடாப்டரின் இரண்டு பக்கமும் ரப்பர் ஹோஸ். அதாவது அடாப்டர் அந்தரத்தில் தொங்குகிறது. அதிலிருந்து தனியாக ஒரு வயர் எடுத்து எஞ்சினில் ஒரு போல்ட்டில் லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) வைத்து இறுக்க வேண்டும். நல்ல அடாப்டர்களில் இதற்கென்றே ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். தண்ணீரே எர்த்தாக இருந்துகொள்ளும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். முள் ஆடும், ஆனால் அந்த எண்ணை நம்ப முடியாது. திருகில் டெஃப்ளான் டேப் சுற்றினாலும் இதே சிக்கல். ஒன்றிரண்டு சுற்று போதும், முனையில் முதல் இரண்டு திருகை விட்டுவிடுங்கள். பந்து மாதிரி சுற்றினால் உலோகம் உலோகத்தைத் தொடாது. எர்த் கெட்டால் எந்தப் பக்கம் பொய் சொல்லும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டெம்பரேச்சரில் கூடுதல் ரெசிஸ்டன்ஸ் சேர்ந்தால், இருப்பதைவிடக் குளிராகக் காட்டும். வி.டி.ஓ. வகை ஆயில் பிரஷரில், இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். இரண்டுமே உங்களை நிம்மதியாகத் தூங்கவைக்கிற பொய்கள். சோதிக்க சுலபமான வழி: எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட்டையும் வைப்பரையும் போடுங்கள். டெம்பரேச்சர் முள் அந்தக் கணமே துள்ளினால் எஞ்சினில் எதுவும் மாறவில்லை, உங்கள் எர்த்தைத்தான் பார்க்க வேண்டும். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து எஞ்சினுக்கும் போகிற பட்டை வயர்கள் அந்த வயசில் பச்சை பூத்திருக்கும். அவற்றைக் கழற்றித் தேய்த்துத் திரும்ப மாட்டுவது நீங்கள் வாங்கிய மூன்று மீட்டரைவிட அதிகப் பலன் தரும் என்றே சொல்வேன்.

தண்ணீர் போய்விட்டால் தண்ணீரின் சூட்டை அளக்கும் மீட்டர் பயன்படாது என்றேன். அதற்கு மாற்று இருக்கிறது. வளைய லக் வடிவில் ஒரு சென்சார் வரும். அதை எஞ்சின் உலோகத்தில் ஒரு சின்ன போல்ட்டின் கீழே வைத்து இறுக்கினால் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் உலோகத்தின் சூட்டையே சொல்லும். தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட் மாதிரி ஓர் இடம் பார்க்கலாம். ஹெட் போல்ட்டின் கீழே மட்டும் வைக்கவே கூடாது. போல்ட்டை இறுக்கும் அளவு (டார்க்) தப்பாகி கேஸ்கெட் திரும்பவும் போகும். இதோடு நீங்கள் வைத்த டிகிரிக்கு மேல் போனால் கத்துகிற ஒரு பஸ்ஸரும் இருந்தால், உங்கள் உண்மையான கேள்விக்கு அதுதான் பதில். இது என் தனிப்பட்ட அபிப்பிராயம்தான், ஆனால் அழுத்திச் சொல்வேன்: லாரிக்குப் பின்னால் ஓவர்டேக் பார்த்துக்கொண்டிருப்பவர் முள்ளைப் பார்ப்பதில்லை. செலவுக்கு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் முள் மீட்டரை விட்டுவிட்டு பஸ்ஸரை வாங்கச் சொல்வேன்.

மாட்டுவதற்கு முன்னால் மீட்டரை மேஜையிலேயே சோதித்துவிடுங்கள். பேட்டரியிலிருந்து மீட்டருக்கு பாசிட்டிவ், நெகட்டிவ். சென்சார் உடம்பில் ஒரு கிளிப் வைத்து நெகட்டிவுக்கு, அதன் முனையை மீட்டருக்கு. அடுப்பில் பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது சென்சார் முனையை மட்டும் அதில் விடுங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. சமவெளி ஊரில் முள் 100-ஐ ஒட்டி நிற்க வேண்டும். மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. பன்னிரண்டு டிகிரி என்றால் திருப்பி அனுப்புங்கள். முடிந்தால் பேட்டரி சார்ஜரை ஆன் செய்து 14 வோல்ட் வரும்போது இன்னொரு தடவை பாருங்கள். வோல்ட் ஏறியதற்காக டெம்பரேச்சரும் ஏறினால் அந்த மீட்டர் நம்பத் தகுந்ததில்லை.

சரி, மாட்டியாயிற்று, எண்ணை எப்படிப் படிப்பது? ரேடியேட்டர் மூடி பிரஷரைப் பிடித்து வைக்கிறது. 0.9 என்று பொறித்த மூடி ஒழுங்காக வேலை செய்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் சுமார் 118 டிகிரிவரை கொதிக்காது. கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி கூடும். மூடியின் ரப்பர் காய்ந்து பிரஷர் பிடிக்காவிட்டால் அதே தண்ணீர் 100-லேயே கொதித்துவிடும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93-க்குக் கொஞ்சம் கீழேயே கொதிக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டாவது கியரில் ஏறிப் போகிறவர், மூடி கெட்டிருந்தால், மீட்டரில் 95-ஐப் பார்த்து ‘இன்னும் 100 ஆகவில்லையே’ என்று நிம்மதியாக இருக்க முடியாது. அதனால் மீட்டரோடு ஒரு புது மூடியும் வாங்குங்கள். விலை ஒன்றும் பெரிதில்லை. நான் கடைப்பிடிக்கிற கணக்கு: 85 முதல் 95 வரை கவலையில்லை. ஏற்றத்திலோ டிராஃபிக்கிலோ 100-ஐத் தொட்டு ஃபேன் ஓடியதும் இறங்கினால் பரவாயில்லை. 105-ஐத் தாண்டி இறங்காவிட்டால் நிறுத்துவேன். இது புத்தகத்தில் உள்ள எண் இல்லை, அனுபவத்தில் வைத்துக்கொண்டது. உங்கள் வண்டிக்கு எது வழக்கம் என்று முதல் ஒரு வாரம் பார்த்து, எத்தனையில் ஃபேன் போடுகிறது, எத்தனையில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்தான் பிறகு உங்களுக்கு அளவுகோல்.

ஆயில் பிரஷர் பற்றி. எஞ்சின் பிளாக்கில் ஆயில் லைட்டுக்கான சுவிட்ச் இருக்கும் இடத்தில்தான் இதை மாட்ட வேண்டும், ஆனால் அந்த சுவிட்சை இழக்காதீர்கள். சிவப்பு லைட் கண்ணை இழுக்கும், முள் இழுக்காது. இரண்டும் வேண்டுமென்றால் ஒரு டீ பிட்டிங் போட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு முனை உள்ள சென்சார் வாங்க வேண்டும், வி.டி.ஓ. வகையில் மீட்டருக்கு ஜி என்றும் லைட்டுக்கு டபிள்யூ.கே. என்றும் முனைகளில் எழுதியிருக்கும். இங்கே எல்லாரும் விழுகிற பள்ளம் திருகு. ஜப்பானிய வழி எஞ்சின்களில் இந்த இடம் பொதுவாக 1/8 அங்குல பி.எஸ்.பி.டி. (பிரிட்டிஷ் குழாய்த் திருகு), அங்குலத்துக்கு 28 திருகு. கடையில் வருகிற செட்டுகளில் பெரும்பாலானவை 1/8 அங்குல என்.பி.டி. (அமெரிக்கக் குழாய்த் திருகு), அங்குலத்துக்கு 27. கோணமும் 55-க்கு 60 என்று வேறு. கையால் திருகினால் இரண்டு மூன்று சுற்று ஒழுங்காகப் போகும், பிறகு இறுகும். ‘நல்லா டைட் ஆயிடுச்சு’ என்று ஸ்பேனரைப் போட்டால் பிளாக்கின் திருகு போகும், அல்லது கசியும். உங்கள் பழைய சுவிட்சையும் புது சென்சாரையும் எடுத்துக்கொண்டு ஒரு லேத் பட்டறைக்குப் போங்கள். ஒரு பக்கம் இது, மறு பக்கம் அது என்று பித்தளையில் அடாப்டர் கடைந்து தருவார்கள். பிளாக்கிலேயே நேராக டீயும் அதன் மேல் கனமான சென்சாரும் தொங்கினால், மூன்று சிலிண்டர் எஞ்சினின் ஆட்டத்தில் பித்தளைக் கழுத்து ஒருநாள் விரிசல் விடும், ஆயில் முழுவதும் ரோட்டில் போகும். சின்ன பிரஷர் ஹோஸ் போட்டு சென்சாரைப் பாடியில் கிளாம்ப் செய்வது பாதுகாப்பானது. எர்த் வயரை அங்கேயும் மறக்காதீர்கள். வயர் இல்லாமல் ஆயிலே மெல்லிய குழாயில் மீட்டருக்கு வருகிற பழைய வகையும் கிடைக்கிறது. துல்லியம்தான், ஆனால் குழாய் உடைந்தால் சூடான ஆயில் உங்கள் கால் மேல். நான் காருக்குள் அதைக் கொண்டுவர மாட்டேன். 1,000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்று எல்லாரும் சொல்கிற கணக்கு ஒரு கைக்கணக்கு மட்டுமே. ஐடிலில் சூடான எஞ்சின் இன்று காட்டுவது ஆறு மாதத்துக்குப் பிறகும் அதே அளவு காட்டுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

வோல்ட் மீட்டரில் சொல்ல அதிகம் இல்லை. எஞ்சின் ஓடாதபோது 12.6 பக்கம், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. டேஷ்போர்டில் காட்டுவதையும் பேட்டரி முனையில் மல்டிமீட்டர் காட்டுவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் உங்கள் இக்னிஷன் சுவிட்ச் காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம். அது இலவசமாகக் கிடைத்த தகவல். யாராவது ஆம்ப் மீட்டர்தான் கெத்து என்றால் கேட்காதீர்கள். பழைய வகை ஆம்ப் மீட்டரில் வண்டியின் மொத்த கரன்டும் டேஷ்போர்டுக்கு வந்து போக வேண்டியிருக்கும்.

கரன்ட் எடுக்கும் விஷயம் சுருக்கமானது. முதலில் 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், சோதிக்க வேண்டிய நேரத்தில் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். எந்த நிற வயர் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறத்தைச் சொல்லி உங்களைச் சிக்கவைக்க நான் விரும்பவில்லை, இந்த வயசு வண்டியில் யாரோ எப்போதோ மாற்றியிருப்பார்கள். டெஸ்ட் லாம்பு வைத்துப் பாருங்கள்: சாவி ஆனில் எரிய வேண்டும், ஆஃபில் அணைய வேண்டும், ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் எரிய வேண்டும். ரேடியோ லைனில் எடுத்தால் ஸ்டார்ட் செய்யும்போது பொதுவாகக் கட்டாகும். அந்த லைனிலிருந்து 3 ஆம்ப் ஃபியூஸ் வழியாக மூன்று மீட்டருக்கும் ஒரே வயர் போதும். மீட்டர் உள் விளக்குக்குப் பார்க்கிங் லைட் லைன். ஃபியூஸுக்கு முன்னால் வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். டேப் பசை வெயிலில் உருகி வழுக்கிக்கொண்டு வரும். நல்ல லக் வைத்து அழுத்தி, ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடுங்கள். ஃபயர்வாலில் வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் குரோமெட் கட்டாயம். சென்சார் வயரை ஸ்பார்க் பிளக் வயர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

கடைசியாக டேஷ்போர்டு. ஓட்டை போடாதீர்கள் என்பதுதான் என் பதில். முப்பது வருஷம் வெயில் குடித்த பிளாஸ்டிக், ஹோல் சா வைத்தால் ஓட்டையோடு விரிசலும் தரும். உடையாத பழைய டேஷ்போர்டு தேடி, பழைய வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள சென்னை புதுப்பேட்டைவரை அலைகிறவர்களை எனக்குத் தெரியும். கேசட் பிளேயர் இருந்த இடம் காலியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே போதும். அந்தப் பொந்தின் உயரம் சுமார் 5 செ.மீ. என்பதால் 52 மி.மீ. மீட்டர் உள்ளே போவது இழுபறிதான். அதற்கு முன்னால் கொஞ்சம் தள்ளி நிற்கிற மாதிரி 3 மி.மீ. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஷீட்டிலோ அலுமினியத் தகட்டிலோ ஒரு பலகை வெட்டுங்கள். முதலில் அட்டையில் வெட்டி வைத்து, ஓட்டும் சீட்டில் உட்கார்ந்து, கியர் போட்டுப் பாருங்கள். கை மறைக்கிறதா, முழங்கால் இடிக்கிறதா, இரவில் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் தகட்டைத் தொடுங்கள். பின்னால் மீட்டரின் ஆழத்தோடு வயர் திரும்ப இன்னும் இரண்டு விரல் இடம் வேண்டும். மூன்றில் ஸ்டியரிங்குக்கு மிகப் பக்கத்தில் டெம்பரேச்சர் இருக்கட்டும். வழக்கமான அளவில் முள் நேர் மேலே பார்க்கும்படி ஒவ்வொரு மீட்டரையும் அதன் ஓட்டைக்குள் கொஞ்சம் திருப்பி இறுக்கிக்கொள்ளுங்கள். எழுத்து சாய்ந்து தெரியும், பார்க்க அழகாக இருக்காது. ஆனால் எண்ணைப் படிக்காமலேயே ஒரு முள் சாய்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். ரேஸ் வண்டிக்காரர்கள் இப்படித்தான் மாட்டுவார்கள்.

ஆர்.பி.எம். மீட்டர் வாங்குவதாக இருந்தால் பெட்டியில் ‘4, 6, 8 சிலிண்டர்’ என்று மட்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் எஞ்சினில் சுற்றுக்கு ஒன்றரை ஸ்பார்க். நான்கு சிலிண்டரில் இரண்டு, ஆறில் மூன்று. மீட்டர் வயரை இக்னிஷன் காயிலின் நெகட்டிவில் கொடுத்து 4-இல் வைத்தால், உண்மையில் 3,000 ஓடும்போது 2,250 என்று காட்டும். 6-இல் வைத்தால் சரியாகப் பாதி காட்டும். 3 சிலிண்டர் செட்டிங் உள்ளது கிடைக்காவிட்டால் 6-இல் வைத்து, மீட்டர் கண்ணாடியைக் கழற்றி எண்களை இரண்டு மடங்காக மாற்றி ஸ்டிக்கர் அடித்து ஒட்டிக்கொள்ளலாம்.